லீவு முடிந்து பஸ் ஏறுகிற நாள்

பொங்கல் வந்தால் போதும், பத்திரிகைகளில் 'எங்க ஊரு' கட்டுரைகள் முளைத்துவிடும். எழுதுகிறவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். நாலு நாள் லீவில் குடும்பத்தோடு கிராமத்துக்குப் போயிருப்பார். குளம், தோப்பு, கன்றுக்குட்டி, வேப்பமரத்துக் காற்று எல்லாம் வரிசையாக வரும். முடிவில் தவறாமல் கடைசி நாள் வரும். பாட்டி திண்ணையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரு மூட்டை அரிசி, ஒரு தூக்கு நெய், ஒரு டின் முறுக்கு காரில் ஏறும். ஆள்காரன் ஒருத்தன் மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைப்பான். கார் தெருமுனை திரும்பும். மண்ணைப் பிரிகிற துக்கத்தில் கட்டுரை முடியும்.

எனக்கு அந்த ஆள்காரன்மேல்தான் கண். அவன் யார்? கட்டுரையில் அவனுக்குப் பெயர் கிடையாது. மூட்டையை வைத்துவிட்டு அவன் எந்தத் திசையில் போனான்? அவன் வீட்டிலும் ஒருத்தன் படித்து, டவுனில் வேலைக்குப் போய், லீவுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தால், அவனுக்கும் ஒரு கடைசி நாள் வருமே, அன்றைக்கு அவன் எந்த வழியாகப் போய்ப் பஸ் ஏறுவான்? இந்தக் கட்டுரைகளை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வருவதில்லை. வராது. அவர்களுக்குத் தெரு என்பது காலுக்குக் கீழே கிடக்கிற ஒன்று. நான் ஆள்காரனின் பேரன். வங்கியில் கிளார்க். கவிதை எழுதுகிறவன். எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

இப்போது காசு கட்டிக் கிராமம் பார்க்கிற ஏற்பாடும் வந்துவிட்டது. தோட்டத்து வீடு, மாட்டுவண்டிச் சவாரி, கேழ்வரகுக் கூழ், கயிற்றுக் கட்டில். குழந்தைகளைச் சேற்றில் இறக்கி நாலு நாற்று நடவைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். திங்கட்கிழமை ஆபீசில் செல்போனை நீட்டிக் காட்டுகிறார்கள். ரொம்ப சந்தோசம். என் ஆயா வாழ்நாள் முழுக்கக் குனிந்து நட்டாள். ஒருத்தரும் போட்டோ எடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து நின்றதைத்தான் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் சேற்றைக் கழுவிக்கொண்டு போய்விடலாம் என்று தெரிந்தால் சேறு இனிக்கத்தான் செய்யும். கிராமத்தின் அழகு என்று சொல்லப்படுவதில் பாதி, அங்கேயிருந்து கிளம்பிவிட முடிகிறவனின் அழகு.

எங்கள் வங்கியில் எல்.எஃப்.சி. என்று ஒரு சலுகை உண்டு. லீவில் குடும்பத்தோடு போய்வரப் பயணச் செலவு தருவார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் மூணாறு, காஷ்மீர் என்று போவார்கள். சொந்த ஊருக்கும் போகலாம். அதற்குச் 'சொந்த ஊர்' எது என்று எழுதித் தரவேண்டும். இந்த இரண்டு வார்த்தைகளையும் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். சொந்தம் என்றால் நிலம். எங்களுக்கு நிலம் இல்லை. ஊர் என்றால் ஊர்த்தெரு. நாங்கள் அதற்குக் கிழக்கே அரை மைல் தள்ளி இருக்கிற காலனி. வருவாய்த்துறைக் கணக்கில் ஊரும் சேரியும் ஒரே கிராமம். வரி போடவும் ஓட்டு எண்ணவும் ஒன்று. தண்ணி, கோயில், சுடுகாடு என்று வந்தால் இரண்டு. 'எங்க ஊரு' என்று ஊர்க்காரன் சொல்வதற்கும் நாம் சொல்வதற்கும் நடுவில் அந்த அரை மைல் கிடக்கிறது.

ஆனாலும் நாம் போகிறோம். போகாமல் எப்படி? அம்மா அங்கே இருக்கிறாள். அப்பாவைப் புதைத்தது அங்கே.

*

லீவுக்குக் குடும்பத்தோடு கிராமத்துப் பக்கம் போகிற கதையை நம் தரப்பிலிருந்து எழுதிய ஒருவரை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். அண்ணல் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற அவரது நினைவுக் குறிப்புகளில் முதல் பகுதியே ஒரு விடுமுறைப் பயணம்தான். 1901. அப்பா கோரேகானில் வேலையாக இருக்கிறார். பஞ்சத்தில் அடிபட்ட சனங்களுக்கு வேலை கொடுக்க அரசாங்கம் ஏரி வெட்டுகிற இடத்தில் காசாளர். பிள்ளைகள் சதாராவில். கோடை லீவுக்கு இங்கே வாருங்கள் என்று அப்பா கடிதம் போடுகிறார். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை, சரிகை மின்னும் குல்லா, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் தயாராகிறது. ரயிலேறி மாசூர் ஸ்டேசனில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக ஆள் வரவில்லை.

ஸ்டேசன் மாஸ்டர் அந்த உடுப்பைப் பார்த்து பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு விசாரிக்கிறார். மகர் என்று சொன்ன நிமிசத்தில் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். இரட்டை வாடகை கொடுக்க வேண்டும், பிள்ளைகளே வண்டியை ஓட்டவேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான். அந்த ஏற்பாட்டில்தான் வண்டி நகர்கிறது. கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணி இல்லை. தண்ணி இல்லாமல் சோற்றையும் தின்ன முடியாமல் ராத்திரி கழிகிறது. அப்போது அண்ணலுக்கு 9 வயது.

அந்த லீவு எப்படிக் கழிந்தது, ஏரியைப் பார்த்தார்களா, திரும்புகிற நாளில் அப்பா என்ன வாங்கிக்கொடுத்தார் என்று அவர் எழுதவில்லை. எழுதியது போன வழியை. நாலு நாள் கூத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விட்டது. நம் விடுமுறையின் கதை எப்போதும் வழியின் கதைதான். எவன் தண்ணி தருவான், எந்தத் தெருவில் நடக்கலாம், எந்த உடுப்பில் நடக்கலாம்.

உடுப்பு என்றதும் இன்னொன்று. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். ஜே.எச்.ஹட்டன் தன் சாதி பற்றிய புத்தகத்தில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. 1931 சூனில் இது 11 தடைகளாக வளர்ந்தது. அதில் பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க மட்டும்தான் போகவேண்டும் என்பதும் சேர்ந்தது. மீறினவர்களின் குடிசையைக் கொளுத்தினார்கள்.

இந்தப் பட்டியலை ஒருதரம் கையில் வைத்துக்கொண்டு, லீவு முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்புகிற ஒரு தலித் குடும்பத்தைப் பாருங்கள். அப்பன் இஸ்திரி போட்ட சட்டை, பேண்ட், செருப்பு. அம்மா ஜாக்கெட், கழுத்தில் அரைப்பவுன் சங்கிலி, தலையில் பூ. பிள்ளை முதுகில் புத்தகப் பை. கையில் எவர்சில்வர் டிபன்பாக்ஸ். வெயிலுக்குக் குடை. பட்டியலில் எதெல்லாம் கூடாது என்றானோ அதெல்லாம் ஒரே குடும்பத்தின்மேல் ஏறி, பட்டப்பகலில் தெருவில் நடக்கிறது. அதனால்தான் கடைசி நாள் முக்கியம். வந்து இறங்குவது ராத்திரி கடைசி பஸ்ஸில், இருட்டில் யார் பார்த்தார்கள். கிளம்புவது வெளிச்சத்தில்.

*

எங்கள் கடைசி நாள் காணும்பொங்கலுக்கு மறுநாள். விழுப்புரம் பக்கம். ஊர்ப்பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு அது உங்கள் ஊர்தான்.

காலையிலிருந்தே அம்மா பை கட்டிக்கொண்டிருந்தாள். பனங்கிழங்கு அவித்தது ஒரு கட்டு. கூரைமேல் படர்ந்த அவரைக்காய். நெத்திலிக் கருவாடு, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் நாறக்கூடாது என்று மேலே பாலிதீன் போட்டு. அரிசி மூட்டை இல்லை, நெய் இல்லை. மூட்டை கொடுக்க நிலம் வேண்டும். "இன்னாத்தடா குடுக்கறது ஒனக்கு" என்று அம்மா ஒவ்வொரு வருசமும் கேட்பாள். இந்த வருசமும் கேட்டாள். துணைவி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நாலு நாளும் அவருக்கு அடுப்புதான். "லீவு ஒங்களுக்குத்தாங்க. எனக்கு அங்க ஒரு அடுப்பு, இங்க ஒரு அடுப்பு" என்று நேற்று ராத்திரி சொல்லியிருந்தார். எந்த 'எங்க ஊரு' கட்டுரையும் சொல்லாத இன்னொரு விசயம் இது. கிராமத்து விடுமுறையில் லீவு கிடைப்பது ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். அதில் நம் வீடும் சேர்த்திதான்.

காலனியிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு இரண்டு வழி. ஊர்த்தெரு வழியாகப் போனால் பத்து நிமிசம். ஏரிக்கரைமேல் ஏறி, களத்துமேட்டைச் சுற்றி ரோட்டைப் பிடித்தால் அரைமணி. இன்றைக்கு ஊர்த்தெருவில் போகாதே என்று யாரும் சொல்வதில்லை. காலனிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், பைக்கில் போகிறார்கள். ஆனால் அம்மா வயசுக்காரர்கள் பை சுமந்துகொண்டு, பூ வைத்துக்கொண்டு, குடும்பமாக அந்தத் தெருவில் நடப்பதில்லை. "கர மேல போய்டலாம்ப்பா, காத்தா இருக்கும்" என்றாள் அம்மா. காற்றுக்காக அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். பத்து வயது மகளுக்கு மட்டும் தெரியாது. "அந்தப் பக்கம் போனா சீக்கிரம் போய்டலாமே ஆயா, ஏன் சுத்திப் போறோம்?" என்றாள்.

துணைவி பெரிய பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தார். மகள் அவர் பின்னால் போனாள். நானும் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அம்மா கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. கோலம் அழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் பார்த்தார்கள், ஒருவர் தலையாட்டினார். பஸ் நிற்கிற அரசமரத்தடியில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னா, மவன் கெளம்பிட்டானா?" என்றார். என்னைப் பார்த்து, "இன்னாப்பா, பேங்க்குல நகக்கடன் வட்டி இன்னா போட்றீங்க?" என்றார். அம்மா கூனிக்கொண்டு, "ஆமா சாமி, கெளம்பிட்டான்" என்றாள். அம்மாவுக்கு 66 வயது.

எங்கள் கிளையில் இவரைப்போல ஆயிரம் பேர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னை 'சார்' என்பார்கள். நானும் 'வாங்க, உக்காருங்க' என்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் 'சார்'. அரசமரத்தடியில் நான் இன்னாருடைய மவன், என் தாய் ஒரு வெறும் பெயர். அரசமரத்தடியில் கவுண்டர் இல்லை, கண்ணாடி இல்லை.

மகள் கேட்டுவிட்டாள். சத்தமாக. "அப்பா, இவர் ஏன் ஆயாவ பேர் சொல்லிக் கூப்பிடறாரு? ஆயாதான பெரியவங்க?"

ஒரு நிமிசம் யாரும் பேசவில்லை. அவர் சிரித்து, "டவுன் பள்ளிக்கூடமா, நல்லா பேசுது" என்றார். துணைவி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அது சரியாத்தாங்க கேக்குது. எங்க அத்தைய அம்மான்னு கூப்பிடுங்க. ஆயான்னாலும் சரி. பேரு எதுக்கு?" அவர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். பஸ் வந்தது. ஏறும்போது அம்மா என் காதில் சொன்னாள்: "நீங்க ஏறிடுவீங்க. நாளைக்கி நான்தான இருக்கணும்."

மூன்றாம் நாள் போனில் பேசினேன். அம்மாவிடம் ஒரு மாடு இருக்கிறது. அவர்கள் வீட்டு வரப்பில்தான் புல் அறுப்பாள். இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அடி இல்லை, திட்டு இல்லை. புல் மட்டும் இல்லை. ஒரு வாக்கியத்துக்கு விலை ஒரு மாட்டுக்குத் தீனி. "போனா போது போ. ஏரியில இல்லாத புல்லா?" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "பாப்பா கேட்டது ஞாயந்தான். எனக்கு இத்தினி வருசமா கேக்கத் தோணல பாரு" என்றாள்.

*

இந்தப் புல்லைத்தான் பேச வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன்.

நம்மில் வேலைக்குப் போனவர்கள் கடைசி நாளைக் கடத்துகிற விதம் மூன்று. ஒன்று, ஏரிக்கரைமேல் போய்விடுவது. பிள்ளை கேட்டால் காற்று நன்றாக இருக்கும் என்பது. அந்தப் பிள்ளை பெரியதாகி, தன் கிராமத்தை அடுத்தவன் எழுதிய 'எங்க ஊரு' கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ளும். இரண்டு, ஒரேயடியாகப் போகாமல் இருந்துவிடுவது. அம்மாவை டவுனுக்குக் கூட்டிவந்து ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பூட்டிவைப்பது. மூன்று, பஸ் ஏறும் முன்னால் நாலு வார்த்தை நறுக்கென்று பேசிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து நெஞ்சு நிமிர்வது. பேசியதுக்கான பில் மறுநாள் அங்கே இருக்கிறவர்களுக்கு வரும்.

முதலாவதை நான் ஏற்கவில்லை. பிள்ளையின் கேள்வியை அடக்கினால் தடைப்பட்டியலை நாமே வீட்டுக்குள் எழுதி ஒட்டுகிறோம் என்று அர்த்தம். பிள்ளைக்கு உண்மையைச் சொல்லவேண்டும். பஸ்ஸிலேயே சொல்லவேண்டும். நாங்கள் சொன்னோம். அம்மா ஏன் 'சாமி' என்றாள், ஏன் கூனினாள், அந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்று. பயத்துக்கும் தேதி உண்டு. 1978 சூலையில் விழுப்புரத்தில் நம் சனம் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது அம்மா கல்யாண வயதுப் பெண். 2023 ஏப்ரலில் அதே மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போனதற்காக நம்மாட்களை அடித்தார்கள். சூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 45 வருசம் ஓடியும் அம்மாவின் பயத்தை உலகம் பொய்யாக்கித் தரவில்லை. அதைக் கோழைத்தனம் என்று டவுனில் உட்கார்ந்து பேச நமக்கு வாயில்லை.

இரண்டாவதற்கு அண்ணலைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். கிராமத்தை அவர் வெறுத்தார், வெளியேறச் சொன்னார் என்பார்கள். உண்மைதான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்தபோது, கிராமத்தைத் தள்ளித் தனிமனிதரை அலகாகக் கொண்டது மகிழ்ச்சி என்று பேசினார். கிராமக் குடியரசு என்று உருகியவர்களின் முகத்துக்கு நேரே பேசினார். ஆனால் அதே அண்ணல்தான் 1956 மார்ச்சில் ஆக்ராவில், படித்து உத்தியோகத்துக்குப் போனவர்கள் சமூகத்தை மறந்து தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள் என்று மனம் நொந்தார். கிராமத்தைப் புகழாதே என்பது வேறு. அங்கே இருக்கிறவர்களை விட்டுவிட்டு ஓடு என்பது வேறு. கிளம்ப முடிந்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டால், மிச்சம் இருப்பது புல்லுக்கு நிற்கிற 66 வயது அம்மாக்கள்தான்.

மூன்றாவதில் நியாயம் இருக்கிறது. பேச வேண்டியதுதான். துணைவி பேசியது சரி, மகள் கேட்டது அதைவிடச் சரி. ஆனால் பேச்சுக்குப் பின்னால் புல் வேண்டும். மரியாதை வாயில் பிறக்கிறது என்றா நினைக்கிறீர்கள்? வரப்பு அவனுடையதாக இருக்கிறவரை அம்மாவின் முதுகு வளையும். வரப்பு யாருடையதும் அல்ல, அல்லது நம்முடையது என்றால் முதுகு தானாக நிமிரும்.

அப்படி ஒரு வரப்பு இருந்தது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892-இல் அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். நம்மைத் தவிர வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது என்கிற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு காலனியிலும் பெரியவர்களைக் கேளுங்கள். விரலை நீட்டிக் காட்டுவார்கள். 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் அந்த நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். வரப்பில் புல் அறுக்க அனுமதி கேட்கிற ஒவ்வொரு அம்மாவுக்கும் அந்த இரண்டு பேரோடு சம்பந்தம் உண்டு.

அதனால் நான் சொல்வது இதுதான். லீவுக் கணக்கை மாற்றிப் போடுவோம். பொங்கலுக்குப் போங்கள், கறி தின்னுங்கள், பிள்ளைகளை ஏரியில் ஆடவிடுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நான்கு நாளும் கிராமசபை கூடுகிற நாள். இந்த நான்கு நாளும் வங்கிக்கும் லீவு, அரசு ஆபீசுக்கும் லீவு. நாம் என்ன செய்கிறோம்? தூங்குகிறோம், டிவி பார்க்கிறோம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தபிறகு, ஊரும் சேரியும் ஒரே பாயில் உட்கார்ந்தாக வேண்டிய கூட்டம் அது.

ஒரே பாயில் உட்காருவது லேசு இல்லை என்பதும் தெரியும். அந்தப் பாய்க்காக ரத்தம் சிந்தியிருக்கிறது. 1997 சூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட வந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் வீடு திரும்பும் வழியில். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருசம் ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்கார விடவில்லை. 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. ஒரு நாற்காலிக்கு இவ்வளவு என்றால் அந்த நாற்காலியில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நம் ஓட்டு டவுனில் இருக்கும். அதனால் கிராமசபையில் தீர்மானத்துக்குக் கை தூக்குகிற உரிமை நமக்கு இல்லை, அம்மாவுக்குத்தான். நல்லதுதான். அம்மாதான் பேச வேண்டும். மனு எழுதுவது நம் வேலை. தினம் வவுச்சரும் சலானும் எழுதுகிற கைதானே நமக்கு? பஸ் காலனி முனையிலும் நிற்க வேண்டும் என்று ஒரு மனு. ஏரிப் புறம்போக்கில் புல் அறுக்க காலனிக்கும் உரிமை என்று ஒரு மனு. சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு மனு. 2005-ஆம் வருசத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டணத்தில், கிராமத்துப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களும் இப்போதைய பட்டாதாரர் பெயரும் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தில், பொதுப் பாதையையும் நீர்நிலையையும் சுடுகாட்டையும் நாம் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் காலனி டீக்கடையில் ஒட்டுங்கள்.

ஒற்றையாகப் போகாதீர்கள். உங்கள் காலனியிலிருந்து டீச்சர் ஆனவர், கண்டக்டர் ஆனவர், நர்ஸ் ஆனவர், ஐ.டி. கம்பெனிக்குப் போனவர் என்று பத்துப் பேராவது இருப்பார்கள். பொங்கலுக்கு வந்து ஆளுக்கொரு பஸ்ஸில் திரும்புகிறவர்கள்தான். அவர்கள் எல்லாரும் ஒரே நாள் பிடித்துக் கிராமசபைக்கு வந்து உட்கார்ந்தால் போதும். ஒருத்தி கேள்வி கேட்டால் அவள் மாமியாருக்குப் புல் இல்லை என்று சொல்லிவிட முடிகிறது. முப்பது வீடு கேட்டால் எத்தனை வரப்பை மூடுவான்? அறுவடைக்கு யார் வருவார்கள்?

குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் பதில் கிடைக்காமல் போகலாம். தீர்மான நோட்டில் எழுதமாட்டேன் என்று செயலாளர் சொல்லலாம். எழுதவைக்கத் தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, நகலுக்கு ரசீது கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த ரசீதோடு வாருங்கள். ஒரு வருசத்தில் நாலு நாள். நாலு பஸ் டிக்கெட்.